150 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிள் போதுமா, 1,500 ரூபாய் கேபிள்தான் வேண்டுமா?

செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் போடும் ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு 200, 250 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பலருக்கு இதற்கு மேல் படிக்க அவசியம் இருக்காது. ஆனால் அதே ரகக் கேபிளைப் பத்து மீட்டர் நீளத்தில் வாங்கி, புது வீட்டுச் சுவருக்குள் விட்டு, பூசி, பெயின்ட்டும் அடித்துவிட்டால் கதை வேறு. ஆக, எவ்வளவு தூரம், எவ்வளவு டேட்டா போகிறது என்று தெரியாமல் 'நல்ல கேபிள் எது' என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வேலூர் ஆபிசர்ஸ் லைனோ, காட்பாடியோ, ராணிப்பேட்டையோ, எங்கே டிவி வாங்கினாலும் பில் போடும் நேரத்தில் ஒரு பேச்சு வரும். "சார், இது 4கே டிவி. சாதா கேபிள் போட்டா கலர் வராது. இந்தக் கேபிளையும் சேர்த்துப் போட்டுடட்டுமா?" பளபளவென்று பெட்டி, துணி பின்னிய கேபிள், தங்க முலாம் பூசிய முனை, விலை ஆயிரத்தைத் தாண்டும். டிவியில் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். கேபிள், வால் மவுன்ட், ஸ்டெபிலைசர் இவற்றில்தான் நாலு காசு பார்க்க முடியும். அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் 'கலர் வராது' என்பது மட்டும் பொய்.

அந்தப் பேச்சு எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த தலைமுறைக்கும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர் போட்டவர்களுக்கும் வயர் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்பது கண்ணால் பார்த்த உண்மை. அது அனலாக் காலம். வயரில் நுழைந்த இரைச்சல் அப்படியே திரையில் பனியாகவும், நிழலாகவும், கோடாகவும் தெரியும். பள்ளிக்கூட புரொஜக்டருக்கு நீளமான விஜிஏ கேபிள் போட்டவர்களுக்கு, எழுத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு எழுத்து தெரிந்தது நினைவிருக்கும்.

எச்டிஎம்ஐ வழியாகப் போவது படம் அல்ல, எண்கள். ஒருவர் ஃபோனில் தன் நம்பரைச் சொல்கிறார், லைன் கரகரவென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இலக்கமும் சரியாகக் காதில் விழுந்துவிட்டால் நம்பர் அதேதான். லைன் இன்னும் தெளிவாக இருந்தால் நம்பர் இன்னும் நல்ல நம்பர் ஆகிவிடாது. கேபிளும் அப்படித்தான். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 150 ரூபாய் கேபிளிலும் 15,000 ரூபாய் கேபிளிலும் கறுப்பு அதே கறுப்பு, சிவப்பு அதே சிவப்பு. சேராவிட்டால் படம் மங்காது, கலர் வெளுக்காது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், ஓரிரு நொடி கறுப்பாகி மறுபடி வரும், சத்தம் விட்டுவிட்டு வரும், அல்லது மொத்தமாக 'நோ சிக்னல்' என்று நின்றுவிடும். கேபிள் தகராறு என்றால் இந்த மாதிரிதான் காட்டும். 'படம் கொஞ்சம் டல்லா இருக்கு' என்பவர் டிவியின் பிக்சர் மோடைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு டேட்டா என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கடையில் ஏமாறுவது இங்கேதான். நம் ஊர் எச்டி சேனல்கள் 1080ஐ, அதாவது 1,080 வரிப் படம், பாதிப் பாதியாக வருவது. அதற்கு நொடிக்குச் சுமார் 2.2 கிகாபிட் போதும். 1080பி (வரிகள் முழுதும் ஒன்றாக வருவது), நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 4.5. 4கே 30 ஃபிரேமுக்கு 8.9. 4கே 60 ஃபிரேமுக்குத்தான் 17.8 வரை தேவை. கேபிள் தரங்களைப் பார்த்தால், 'ஹை ஸ்பீடு' என்பது 10.2 கிகாபிட் வரை, 'பிரீமியம் ஹை ஸ்பீடு' 18 வரை, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48 வரை தாங்கும். 2025-இல் 96 கிகாபிட்டுக்கு ஒரு புதுத் தரமும் வந்துவிட்டது. அதற்கேற்ற டிவி வைத்திருப்பவர் 150 ரூபாய் கேபிளா என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்படியானால் டிடிஎச் பாக்ஸோ கேபிள் பாக்ஸோ வைத்து எச்டி சேனல் பார்க்கும் வீட்டில், இருப்பதிலேயே சாதாரணமான ஹை ஸ்பீடு கேபிளில் கால்வாசிகூட நிரம்புவதில்லை. பாக்ஸே எஸ்டி பாக்ஸாக இருந்தால் பேச்சே இல்லை. எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் உள்ளே வருவது எஸ்டி படம்தான், அதை எந்தக் கேபிளும் எச்டி ஆக்காது.

இப்போது கடையில் உள்ள ரகங்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் கிடைக்கும் பெயரில்லாத கேபிள் 100, 150 ரூபாய். தெரிந்த கம்பெனிப் பெயர் போட்ட ஹை ஸ்பீடு கேபிள் 200 முதல் 400 வரை. சான்றிதழ் லேபிள் ஒட்டிய அல்ட்ரா ஹை ஸ்பீடு 600-இல் தொடங்கி 1,500 வரை போகிறது. அதற்கும் மேலே வெள்ளி முலாம், 'ஆடியோஃபைல்' என்றெல்லாம் பல ஆயிரத்துக்கு ஒரு ரகம் உண்டு. அந்தக் கடைசி ரகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பணம் அதிகம் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் இல்லை, பிளக்கில்தான் இருக்கிறது. கேபிளைக் கையில் எடுத்து, பிளக்குக்குள் நுழையும் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ரப்பர் கழுத்து பிளக்கோடு ஒட்டி வார்த்ததுபோல் இருந்தால் சரி. கழுத்து தனியாக, பிளக் தனியாக ஆடினால் உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகளின் சால்டர் மீதுதான் மொத்த இழுப்பும் விழும். பத்தொன்பது பின் இருக்கிறது. ஒன்று விட்டாலும் போச்சு. அப்புறம் முனையில் உள்ள தகரக் கூட்டை உற்றுப் பாருங்கள். மடித்த இடத்தில் இடைவெளி விட்டு வாய் பிளந்திருந்தால் டிவி துளையில் தொளதொளவென்று நிற்கும். கேபிளின் மேல் தோலில் சின்ன எழுத்தில் 'ஹை ஸ்பீடு எச்டிஎம்ஐ கேபிள் வித் ஈதர்நெட்' என்று அச்சடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். சவுண்ட் பார் வைத்திருப்பவர்களுக்கு அந்த 'வித் ஈதர்நெட்' முக்கியம். அதற்காகச் சேர்த்த கம்பி ஜோடியில்தான் டிவியிலிருந்து சவுண்ட் பாருக்குத் திரும்பும் ஈ-ஏஆர்சி ஒலி போகிறது.

பெயரில்லாத கேபிளிலும் இவை எல்லாம் சரியாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் 50, 100 ரூபாய் மிச்சம். ஆனாலும் நான் இரண்டாவது ரகத்தைத்தான் சொல்வேன். மாற்றிக் கொடுக்க ஒரு பெயரும் பில்லும் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

தங்க முலாமைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தங்கம் துருப் பிடிக்காது என்பது உண்மை. பல வருஷம் செருகியே கிடக்கும் பின்னுக்கு அது நல்லதுதான், படத்துக்கு அதனால் எதுவும் ஆகாது. இப்போது மலிவு கேபிளிலும் மெல்லிசாக ஒரு முலாம் பூசித்தான் விடுகிறார்கள். துணி பின்னலும் அப்படியே. பார்க்க நன்றாக இருக்கும். சொல்லப்போனால் சுவரில் மாட்டிய டிவிக்கு விலை கூடிய தடித்த கேபிள் தொந்தரவுதான். டிவிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இருக்காது. அதில் தடித்த கேபிளை மடக்கினால் அதன் விறைப்பும் கனமும் சேர்ந்து துளையை இழுத்துக்கொண்டே இருக்கும். துளை போனால் போர்டில் கை வைக்க வேண்டும். அந்த இடத்துக்கு மெல்லிய, வளைகிற கேபிள்தான் சரி.

'2.1 வெர்ஷன் கேபிள்', '8கே கேபிள்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெர்ஷன் எண்கள் கருவிகளுக்குத்தான். கேபிளுக்கு உள்ளது நான் மேலே சொன்ன வேகப் பெயர்கள் மட்டும்தான், கேபிளில் வெர்ஷன் எண் போடவே கூடாது என்பது எச்டிஎம்ஐ அமைப்பின் விதி. 'பிரீமியம் குவாலிட்டி' என்று எவரும் அச்சடித்துக்கொள்ளலாம், அதற்கும் பிரீமியம் ஹை ஸ்பீடு சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை. உண்மையான சான்றிதழ் என்றால் பெட்டியில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதை எச்டிஎம்ஐ அமைப்பின் ஆப்பில் ஸ்கேன் செய்தால் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று காட்டும். காட்டாவிட்டால் அந்த லேபிளும் அலங்காரம்தான்.

சான்றிதழ் உள்ள கேபிள் யாருக்கு வேண்டும்? 4கே-யில் 120 ஃபிரேம் கேம் ஆடுபவர்களுக்கு வேண்டும். ஆனால் பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள் வருகிறது. அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு 'கேமிங் கேபிள்' வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 4கே 60-க்கு பிரீமியம் சான்றிதழ் போதும். நடைமுறையில் இரண்டு மீட்டருக்குள் நல்ல ஹை ஸ்பீடு கேபிளே பல நேரம் அதைத் தாங்கிவிடும், ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். டிவியில் செருகும் ஸ்டிக் வைத்து ஓடிடி பார்ப்பவருக்குக் கேபிளே வேண்டாம். டிவியிலேயே ஆப் இருந்தால் ஸ்டிக்கும் வேண்டாம்.

வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் பையன்கள் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய்க் கேபிள் வாங்கி வருவதுண்டு. வேறு வேலையாகப் போனால் வாங்குங்கள்; இதற்கென்று 130 கிலோமீட்டர் போக ஒன்றுமில்லை. அவர்கள் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: 4கே மானிட்டர் வாங்கியும் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 ஃபிரேமுக்கு, மேல் வரவில்லை. இதில் கேபிளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையே 1.4 வெர்ஷனாக இருக்கும். அது 4கே-யில் 30-ஐத் தாண்டாது. டைப்-சி துளையில் செருகும் மலிவு அடாப்டர்கள் பலவும் அப்படித்தான். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகைத் துளை) இருந்து லேப்டாப்பும் ஒத்துக்கொண்டால் அதில் போவது மேல்.

டிவியிலும் இதே மாதிரி ஒரு செட்டிங் ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் முழு வேக 4கே-யை டிவி ஏற்க, அந்தத் துளைக்கு அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று பெயர். புதுக் கேபிள் வாங்கும் முன் இதைப் பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகிப் பாருங்கள். பாக்ஸ் முனையையும் டிவி முனையையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'கேபிள் போச்சு' என்று வரும் வழக்குகளில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

தூரம் கூடும்போதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. சாதாரணச் செம்புக் கேபிள் மூன்று மீட்டர் வரை கவலையில்லை, ஐந்து வரை பெரும்பாலும் பரவாயில்லை. அதற்கு மேல் 4கே 60 என்றால் மலிவுக் கேபிள் காலை வாரிவிடும். 1080பி-க்குப் பத்து மீட்டர்கூட ஓடும், கம்பி தடிமனாக இருந்தால். கேஜ் எண்ணைப் பாருங்கள்: எண் குறையக் குறையக் கம்பி தடிமன். நீளக் கேபிளுக்கு 24 நல்லது, 30 என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். கம்பி மெலிந்தால் சிக்னல் தேய்வதோடு, கேபிளுக்குள் போகும் 5 வோல்ட்டும் குறைந்து, எதிரே என்ன டிவி இருக்கிறது என்று பாக்ஸுக்கே தெரியாமல் போய்விடும்.

கல்யாண மண்டபங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் கேமரா, ஹாலின் மறுகோடியிலும் கீழே டைனிங் ஹாலிலும் டிவி. தூரம் 20, 30 மீட்டர் வந்துவிடும். இதற்கு மூன்று வழி. ஒன்று, உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் செம்புக் கேபிள். தடியாக இருக்கும், சுருட்ட முடியாது. இரண்டு, ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ. மெல்லிசு, 4கே-யும் நீள தூரம் போகும், 15 மீட்டருக்குச் சில ஆயிரம் ஆகும். மூன்று, இரண்டு பக்கமும் சின்னப் பெட்டி வைத்து, நடுவில் கேட்6 நெட்வொர்க் வயர் இழுப்பது.

பேப்பரில் பார்த்தால் ஆப்டிக்கல்தான் ஜெயிக்கும். மண்டபத்தில் நான் அதைப் போட மாட்டேன். பந்தி நேரத்தில் சேரை அதன்மேல் இழுப்பார்கள், வண்டியில் சாம்பார் அண்டா ஏறும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ஒருதரம் நசுங்கினால் முழுக் கேபிளும் குப்பை. அதற்குத் திசையும் உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று போட்டிருக்கும். அவசரத்தில் 25 மீட்டரையும் தலைகீழாக விரித்துவிட்டு, முகூர்த்த நேரத்தில் படம் வரவில்லை என்று தவிக்க வேண்டாம். கேட்6 என்றால் அறுந்த இடத்தில் வெட்டி, புது முனை கிரிம்ப் செய்து ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். செய்யத் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். வீடியோ 1080பி-யாக இருக்கும் வரை இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு பெட்டிக்கும் பிளக் பாயின்ட் வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர்கள் மொத்தமாக வாங்கும்போது கம்பெனிப் பெயர் போட்ட குட்டைக் கேபிளாக வாங்கி, நாலைந்து உபரி வைத்துக்கொண்டால் போதும். அங்கே கேபிள் போவது இழுப்பதால்தான். விலை கூடிய கேபிளும் இழுத்தால் போகும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு விஷயம். கோடையில் மண் காய்ந்து எர்த் குழி வறண்டுவிட்டால், பாக்ஸின் தகரத்தையோ எச்டிஎம்ஐ முனையையோ தொடும்போது சுருக்கென்று அடிக்கும். இந்த நிலையில் பவரோடு கேபிளைச் செருகினால் துளை எரிந்துபோக வாய்ப்பு உண்டு. இடி மின்னலின்போது மொட்டைமாடி டிஷ் வயர் வழியாக வரும் அடியும் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ வழியாகவே டிவிக்குள் போகிறது. 150 ரூபாய் கேபிளானாலும் 1,500 ரூபாய் கேபிளானாலும் அதைத் தடுக்காது. கேபிளில் மிச்சம் பிடித்த காசில் எர்த்தைச் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள். மழை மேகம் கூடினால் டிஷ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, வீடு கட்டுபவர்களுக்கு. சத்துவாச்சாரி, காட்பாடி பக்கமெல்லாம் இப்போது டிவிக்கு ஒரு சுவர், பாக்ஸுக்கும் பிளேயருக்கும் கீழே ஒரு கப்போர்டு என்று கட்டுகிறார்கள். எலக்ட்ரீஷியனிடம் பைப் அளவைக் கேட்டால் "முக்கால் இஞ்சு போதும் சார், ஒண்ணும் ஆவாது" என்பார். கரன்ட் வயருக்கு அது சரி. எச்டிஎம்ஐ பிளக்கின் அகலம் மட்டுமே சுமார் 20 மில்லிமீட்டர், நீளம் அதைப்போல் இரண்டு பங்கு. முக்கால் இஞ்சு பைப்பில் அது நுழையவே நுழையாது. ஒரு இஞ்சில் நேராகப் போகும், எல்போவில் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை இஞ்சு பைப் போடச் சொல்லுங்கள். எல்போ வேண்டாம், பெரிய வளைவாக வரட்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் காசு பார்க்காமல், ஐந்து மீட்டருக்குள் என்றால் சான்றிதழ் உள்ள அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிளும், அதற்கு மேல் என்றால் ஆப்டிக்கலும் வாங்குங்கள். பூச்சுக்கு முன்னால் கேபிளை விட்டு, டிவியையே கொண்டுவந்து செருகி, 4கே 60-இல் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் கூடவே விட்டுவையுங்கள்; கேபிள் மாற்றும் நாளில் புதுசை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.